சிறுநீரகத்தில் நீர்க்கட்டி: அளவைப் பார்ப்பதா, சுவரைப் பார்ப்பதா?

என் சித்தப்பாவுக்கு 64 வயது. சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று வயிற்று ஸ்கேன் எடுத்தார். பித்தப்பையில் கல் இருந்தது, வலிக்குக் காரணமும் அதுதான். ஆனால் ரிப்போர்ட்டில் அவர் கண் நின்ற இடம் வேறு. இடது சிறுநீரகத்தைப் பற்றி எழுதியிருந்த பகுதியில் ஒரே ஒரு வரி: ‘சிம்பிள் கார்ட்டிகல் சிஸ்ட், 38 x 34 மி.மீ.’ அன்று இரவே போன் செய்துவிட்டார்.

“கிட்னியில கட்டியாம்டா. நாலு சென்டிமீட்டர் கிட்ட இருக்கு. கேன்சரா இருக்குமோ?”

பித்தப்பைக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேறு எதற்காகவோ எடுத்த ஸ்கேனில் இப்படி ஒரு வரி வந்து, வீடே தூக்கம் இழப்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தச் சொல். ‘கட்டி’ என்ற வார்த்தையே பாதி பயத்தைக் கொண்டுவந்துவிடுகிறது. புற்றுநோயையும் கட்டி என்கிறோம், கொழுப்பு உருண்டையையும் கட்டி என்கிறோம், சீழ் வைத்து வீங்கியதையும் கட்டி என்கிறோம். சிஸ்ட் என்பது திரவம் நிறைந்த ஒரு சின்னப் பை. கார்ட்டிகல் என்றால் சிறுநீரகத்தின் வெளியடுக்கில் இருப்பது. சாதாரண சிஸ்டுக்குள் சதை வளர்ச்சி எதுவும் கிடையாது. நீர்க்குமிழி என்று சொல்லியிருந்தால் பலர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

இன்னும் இரண்டு குழப்பங்களையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நீர்க்கட்டி என்றதும் பெண்கள் பலருக்குச் சினைப்பைதான் நினைவுக்கு வரும். அது ஹார்மோன் சார்ந்த விஷயம், சிறுநீரக நீர்க்கட்டிக்கும் அதற்கும் உறவில்லை. அதேபோல, ‘கிட்னியில் நீர் கோத்திருக்கிறது’ என்று சொல்வதும் வேறு. சிறுநீர் இறங்கும் பாதையில் அடைப்பு ஏற்பட்டு, தேங்கிய சிறுநீரால் சிறுநீரகத்தின் உள்ளறை வீங்குவது அது. ஹைட்ரோநெஃப்ரோஸிஸ் என்பார்கள். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது இவற்றில் எது என்பதை மருத்துவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பை எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ரத்தத்தை வடிகட்டும் ஒரு முடிச்சும், வடிந்த திரவத்தைக் கொண்டுபோகும் மெல்லிய குழாயும் சேர்ந்ததுதான் ஒரு நெஃப்ரான். வயது ஏற ஏற, அந்தக் குழாயின் சுவரில் எங்கோ ஓரிடத்தில் பலம் குறைந்து, பக்கவாட்டில் ஒரு சிறு புடைப்பு உண்டாகிறது. காலப்போக்கில் அது குழாயிலிருந்து துண்டித்துக்கொண்டு தனிப் பையாகிவிடுகிறது. பையின் உள்பக்கம் ஒரே அடுக்காகச் செல்கள் இருக்கும், அவை மெதுவாகத் திரவத்தைச் சுரக்கும். ஊசியால் எடுத்துப் பார்த்தால் அந்தத் திரவம் தெளிவாக, வைக்கோல் நிறத்தில் இருக்கும். சாதாரண நீர்க்கட்டி இப்படித்தான் உருவாகிறது என்று கருதப்படுகிறது.

வயதோடு வருவது என்பதால் இது அரிய விஷயமே அல்ல. 30 வயதுக்குள் அபூர்வம். 50 வயதைத் தாண்டியவர்களை ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்காவது ஒரு நீர்க்கட்டி தெரியும். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். தலைமுடி நரைப்பதைப் போல இதையும் வயதின் அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் பெரிதாகும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும். சிறுநீரகத்தின் வேலையை இது பெரும்பாலும் கெடுப்பதில்லை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான க்ரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருக்கிறது, ஸ்கேனில் ஒரு சாதாரண நீர்க்கட்டியும் இருக்கிறது என்றால், நீர்க்கட்டியின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், வலி மாத்திரைகள், அடைப்பு என்று உண்மையான காரணம் வேறெங்காவது இருக்கும். அதைத் தேட வேண்டும்.

ஸ்கேன் திரையில் தெரிவது

அல்ட்ராசவுண்ட் அறையில் படுத்திருக்கும்போது, முடிந்தால் திரையை எட்டிப் பாருங்கள். சிறுநீரகம் சாம்பல் நிறத்தில் அவரைவிதை வடிவில் தெரியும். அதன் விளிம்பில் கம்பாஸ் வைத்து வரைந்ததுபோல ஒரு கறுப்பு வட்டம். அதுதான் நீர்க்கட்டி. தண்ணீருக்குள் ஒலி அலை மோதித் திரும்ப எதுவும் இல்லை, அதனால் கறுப்பு. ரிப்போர்ட்டில் ‘அனெக்கோயிக்’ என்று எழுதுவது இதைத்தான்.

அந்த வட்டத்துக்குப் பின்னால் இன்னொன்றும் தெரியும். கட்டிக்கு நேர் கீழே உள்ள பகுதி மட்டும் பக்கத்து இடங்களைவிட வெளிச்சமாக இருக்கும். சதைக்குள் போகும் ஒலி வழியெல்லாம் தேய்ந்துகொண்டே போகிறது. அந்தத் தேய்மானத்தை ஈடுகட்ட, ஆழத்திலிருந்து வரும் எதிரொலியைக் கருவி தானாகவே பெருக்கிக் காட்டுகிறது. தண்ணீர் வழியாகப் போன ஒலியோ அதிகம் தேயவில்லை. தேயாத ஒலியையும் சேர்த்துப் பெருக்குவதால் அங்கே மட்டும் கூடுதல் வெளிச்சம். உள்ளே இருப்பது வெறும் நீர்தான் என்பதற்கு இது நல்ல சாட்சி.

கறுப்பு வட்டம், மெல்லிய வழுவழுப்பான சுவர், பின்னால் அந்த வெளிச்சம். மூன்றும் சேர்ந்திருந்தால் அது சாதாரண நீர்க்கட்டி என்று அல்ட்ராசவுண்டை வைத்தே முடிவு கட்டிவிடலாம். சி.டி. தேவையில்லை, எம்.ஆர்.ஐ. தேவையில்லை, ஊசி குத்திப் பார்க்கவும் தேவையில்லை. என் சித்தப்பாவின் ரிப்போர்ட்டில் இருந்த ‘சிம்பிள்’ என்ற சொல்லுக்குள் இவ்வளவும் அடங்கியிருந்தது. அவர் அந்தச் சொல்லைத் தாண்டி 38 என்ற எண்ணில் போய் நின்றுவிட்டார்.

எண் சரியாகத் தோன்றும், ஆனால் ஏமாற்றும். 7 சென்டிமீட்டர் நீர்க்கட்டியுடன் ஒருவர் ஒரு தொந்தரவும் இல்லாமல் கடைசிவரை வாழ்ந்துவிடலாம். 2 சென்டிமீட்டர்தான், ஆனால் சுவர் தடித்து உள்ளே ஒரு முடிச்சு தெரிகிறது என்றால் அதை அப்படியே விட்டுவிட முடியாது. மருத்துவரிடம் போகிறவர்கள் ‘எத்தனை சென்டிமீட்டர்?’ என்றே கேட்கிறார்கள். ‘சுவர் எப்படி இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது?’ என்று கேட்க வேண்டும்.

பாஸ்னியாக் எண்

இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்லும் முறையை வகுத்தவர் மார்ட்டன் பாஸ்னியாக் என்ற அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர். சி.டி. ஸ்கேன் பரவலானபோது, முன்பு கண்ணுக்கே தெரியாத நீர்க்கட்டிகளெல்லாம் தெரிய ஆரம்பித்தன. எதை அறுப்பது, எதை விடுவது என்று மருத்துவர்களுக்கே தடுமாற்றம். 1986இல் அவர் நீர்க்கட்டிகளை நான்கு வகையாகப் பிரித்தார். பின்னாளில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ‘2 எஃப்’ என்று ஒரு வகையைச் சேர்த்தார். எஃப் என்றால் ஃபாலோ-அப், அதாவது தொடர்ந்து கண்காணிப்பது. 2019இல் இந்த முறை புதுப்பிக்கப்பட்டு, எம்.ஆர்.ஐ. படங்களுக்கும் பொருந்தும்படி அளவுகள் துல்லியமாக்கப்பட்டன. உங்கள் ரிப்போர்ட்டில் ‘பாஸ்னியாக்’ என்று போட்டிருந்தால், அதற்குப் பக்கத்தில் உள்ள எண்தான் அந்தக் காகிதத்திலேயே முக்கியமான எண்.

முதல் வகை, மேலே சொன்ன சாதாரண நீர்க்கட்டி. சுவர் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாது, உள்ளே வெறும் நீர். இரண்டாம் வகையில் ஓரிரண்டு மெல்லிய தடுப்புகள் இருக்கலாம், சுவரில் சுண்ணாம்புப் படிவு இருக்கலாம், பழைய ரத்தக்கசிவால் திரவம் கெட்டியாகி சி.டி.யில் வெள்ளையாகவும் தெரியலாம். பார்க்க விகாரமாக இருந்தாலும் தீங்கில்லாதது. இந்த இரண்டு வகைகளிலும் புற்றுநோய் அபாயம் கிட்டத்தட்ட இல்லை. தொந்தரவு எதுவும் இல்லையென்றால் சிகிச்சையும் வேண்டாம், திரும்பத் திரும்ப ஸ்கேனும் வேண்டாம். ‘ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று முதல் வகைக்குச் சொன்னால், ‘எதற்காக?’ என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை.

2 எஃப் என்பது சந்தேகத்தின் பலனை நீர்க்கட்டிக்கே கொடுத்துவிட்டு, கண் வைத்திருப்பது. சுவரோ தடுப்போ 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்திருக்கும், அல்லது மெல்லிய தடுப்புகள் நான்குக்குக் குறையாமல் இருக்கும். இவற்றில் புற்றுநோயாக மாறிக் காட்டுபவை 10 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. வழக்கமாக 6 மாதத்தில் ஒரு ஸ்கேன், 12 மாதத்தில் ஒரு ஸ்கேன், பிறகு ஆண்டுக்கு ஒன்று என்று 5 ஆண்டுகள் பார்ப்பார்கள். அதற்குள் தோற்றம் மாறவில்லையென்றால் விட்டுவிடுவார்கள். இங்கேயும் அளவு கூடுவதைவிட, சுவர் தடிப்பதும் முடிச்சு தோன்றுவதும்தான் கவனிக்க வேண்டியவை.

மூன்றாம் வகையில் சுவர் 4 மில்லிமீட்டருக்குக் குறையாமல் தடித்தோ, ஒழுங்கற்றோ இருக்கும். ஸ்கேனில் பளிச்சென்று தெரியும் கான்ட்ராஸ்ட் மருந்தை ரத்தத்தில் ஏற்றினால் அந்தச் சுவர் மருந்தை உறிஞ்சி வெளுக்கும். ரத்த ஓட்டம் உள்ள உயிர்ச்சதை என்பதற்கு அதுதான் அடையாளம், வெறும் நீர் அப்படி வெளுக்காது. இந்த வகையில் ஏறத்தாழ பாதி புற்றுநோயாக இருக்கும், பாதி இருக்காது. நான்காம் வகையில் உள்ளே முடிச்சே இருக்கும், அதுவும் மருந்தை உறிஞ்சும். பத்தில் ஒன்பது புற்றுநோய்.

இதைப் படித்துவிட்டு மூன்று, நான்கு என்று எண் வந்தவர்கள் இடிந்துபோக வேண்டாம். நீர்க்கட்டி வடிவில் வரும் சிறுநீரகப் புற்றுநோய், திடமான கட்டியாக வருவதைவிடப் பொதுவாகச் சாதுவானது. மெதுவாக வளரும், அரிதாகவே பரவும். அறுவை சிகிச்சை என்றாலும் பல சமயம் முழு சிறுநீரகத்தையும் எடுப்பதில்லை. கட்டியையும் சுற்றி ஒரு மெல்லிய விளிம்பையும் மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றுகிறார்கள். வயது அதிகம், இதய நோய் இருக்கிறது, கட்டியும் சிறியது என்றால் அறுக்காமல் கண்காணிப்பதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிதான்.

ஒரு முக்கியமான விஷயம். இந்த வகைப்பாடு கான்ட்ராஸ்ட் ஏற்றிய சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.க்கு உரியது. சாதாரண அல்ட்ராசவுண்டில் ‘காம்ப்ளெக்ஸ் சிஸ்ட்’ என்று எழுதியிருந்தால் அது தீர்ப்பு ஆகாது, அடுத்த பரிசோதனைக்கான அழைப்பு. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக உள்ளவர்களுக்கு சி.டி. கான்ட்ராஸ்ட் பற்றிய தயக்கம் இருக்கும். அவர்களுக்கு நுண்குமிழி மருந்தைச் செலுத்தி எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஒன்று உண்டு. அந்த வாயு மூச்சு வழியாக வெளியேறிவிடும், சிறுநீரகத்துக்குச் சுமை இல்லை. வசதி உள்ள இடத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

எப்போது சிகிச்சை வேண்டும்?

சரி, சாதாரண நீர்க்கட்டிதான் என்று முடிவாகிவிட்டது. அப்படியும் சிலருக்குச் சிகிச்சை தேவைப்படும். நீர்க்கட்டி பக்கத்தில் உள்ளவற்றைத் தொந்தரவு செய்யும்போதுதான் அந்த நிலை வரும்.

பெரும்பாலும் வலிதான். விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே, பக்கவாட்டில் ஒரு மந்தமான பாரம். பெரிய கட்டிகளுக்கே இது அதிகம். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டால் புரியும். 4 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டைக்குள் சுமார் 33 மில்லி திரவம் இருக்கும். 8 சென்டிமீட்டர் என்றால் இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு, கிட்டத்தட்ட 270 மில்லி. ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீரைப் பையில் கட்டி, வெறும் 11 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறுநீரகத்தில் தொங்கவிட்டதுபோல. அது இழுக்கத்தான் செய்யும்.

ஆனால் இங்கே நான் மிகவும் கவலைப்படும் ஒரு தவறு நடக்கிறது. முதுகுவலி உள்ளவருக்கு ஸ்கேனில் 3 சென்டிமீட்டர் நீர்க்கட்டி தெரிந்ததும், வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று முடிவு செய்து அறுவை சிகிச்சைவரை போய்விடுகிறார்கள். முதுகுவலிக்கு முதுகெலும்பும் தசையுமே பெரும்பாலும் காரணம். அறுவைக்குப் பிறகும் வலி அப்படியே இருக்கும். சந்தேகம் இருந்தால் அனுபவமுள்ள மருத்துவர்கள் ஓர் எளிய வழியைக் கையாள்வார்கள். முதலில் ஊசியால் நீரை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வலி போய்விட்டு, கட்டி மீண்டும் நிரம்பும்போது வலியும் திரும்பினால், குற்றவாளி நீர்க்கட்டிதான். நீரை எடுத்தும் வலி குறையவில்லையென்றால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

அடுத்தது தொற்று. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், பக்கவாட்டில் கடும் வலி. நீர்க்கட்டி இருப்பது தெரிந்தவருக்கு இப்படி வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கட்டிக்குள் ஆன்டிபயாடிக் அவ்வளவு எளிதாக நுழையாது. சில சமயம் குழாய் வைத்துச் சீழை வடிக்க வேண்டியிருக்கும். கட்டிக்குள் ரத்தம் கசிந்தாலோ, அடிபட்டு வெடித்தாலோ திடீரென்று வலி வரும், சிறுநீர் சிவக்கலாம். பெரும்பாலும் ஓய்விலேயே சரியாகிவிடும். ஆனாலும் சிறுநீரில் ரத்தம் என்றால், எத்தனை வருடமாக நீர்க்கட்டி இருந்தாலும், அதன்மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. சிறுநீர்ப் பையையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும். கல்லும் புற்றுநோயும் அப்படித்தான் தலைகாட்டும்.

சிறுநீரகத்தின் நடுவில், சிறுநீர் சேகரமாகும் அறையை ஒட்டி வரும் நீர்க்கட்டிகள் தனி ரகம். சிறியதாக இருந்தாலும் பாதையை அழுத்தி அடைப்பை உண்டாக்க முடியும். அல்ட்ராசவுண்டில் இவற்றை ஹைட்ரோநெஃப்ரோஸிஸ் என்று தவறாக எண்ணுவதும் உண்டு. கான்ட்ராஸ்ட் ஏற்றிச் சில நிமிடம் காத்திருந்து சி.டி. எடுத்தால், சிறுநீர்ப் பாதையில் மருந்து வெள்ளையாக இறங்கும், கட்டி மட்டும் கறுப்பாகவே நிற்கும். குழப்பம் அங்கே தீர்ந்துவிடும். அபூர்வமாக, பெரிய நீர்க்கட்டி பக்கத்து ரத்தக்குழாயை அழுத்த, சிறுநீரகம் தனக்கு ரத்தம் போதவில்லை என்று எண்ணி ரெனின் என்ற பொருளைச் சுரந்து, ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடுவதும் உண்டு.

ஊசியா, லேப்ராஸ்கோப்பியா?

ஊசி வழியில் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்புக்கு மேலே மரத்துப்போகும் மருந்து போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே நீளமான ஊசியைக் கட்டிக்குள் செலுத்துவார்கள். திரவம் முழுவதும் வந்துவிடும். ஆனால் அதோடு நிறுத்தினால் கட்டி பெரும்பாலும் மீண்டும் நிரம்பிவிடும். சுரக்கும் செல்கள் சுவரில் அப்படியேதானே இருக்கின்றன. அதனால் அந்தச் செல்களை அழிக்க ஆல்கஹாலையோ வேறு மருந்தையோ உள்ளே செலுத்தி, சிறிது நேரம் வைத்திருந்து, திரும்ப எடுத்துவிடுவார்கள். மருந்து எல்லாப் பக்கமும் படுவதற்காக நோயாளியை இப்படியும் அப்படியும் திரும்பிப் படுக்கச் சொல்வதும் உண்டு. செலுத்துவதற்கு முன் கான்ட்ராஸ்ட் விட்டு, கட்டிக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் தொடர்பு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இருந்தால் அந்த மருந்து பாதையையே புண்ணாக்கிவிடும். நடுவில் உள்ள கட்டிகளுக்கு இந்த முறையைத் தவிர்ப்பதும் அதனால்தான்.

மிகப் பெரிய கட்டி, அல்லது ஊசி போட்டும் திரும்பி வந்த கட்டி என்றால் லேப்ராஸ்கோப்பி. முழு மயக்கம் கொடுத்து, சிறு துளைகள் வழியாகக் கருவிகளைச் செலுத்தி, கட்டியின் வெளிப்பக்கச் சுவரை வெட்டி எடுத்துவிடுவார்கள். கூரையைப் பிரித்துவிடுவது போல. அடிப்பக்கம் சிறுநீரகத்தோடு ஒட்டியே இருக்கும். அது இனி சுரந்தாலும் தேங்காது, சுற்றியுள்ள திசுக்கள் உறிஞ்சிக்கொள்ளும். வெட்டிய சுவரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், அனுப்பினார்களா என்று கேட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊசி வைப்பதற்கு முன்பே வகை தெரிந்திருக்க வேண்டும் என்பதை இரண்டு காரணங்களுக்காக அழுத்திச் சொல்கிறேன். புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள கட்டியைக் குத்தி வடித்து ஆல்கஹால் விடுவது சிகிச்சையே ஆகாது. இன்னொன்று ஹைடேடிட் என்ற ஒட்டுண்ணிக் கட்டி, நாயின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவால் வருவது. சிறுநீரகத்தில் அபூர்வம்தான். ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் அதைக் குத்தினால் உள்ளிருக்கும் திரவம் கசிந்து, உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம்.

மருந்து மாத்திரையால் கரைக்க முடியுமா? முடியாது. சாதாரண நீர்க்கட்டியைக் கரைக்கும் மாத்திரையும் இல்லை, கஷாயமும் இல்லை, அதிகமாகத் தண்ணீர் குடித்தாலும் கரையாது. கட்டி குழாயிலிருந்து துண்டித்துக்கொண்ட மூடிய பை, குடிக்கும் தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போக வழியே இல்லை. இதை ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், சில மூலிகைகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுத்திருக்கிறது, புற்றுநோயையும் உண்டாக்கியிருக்கிறது. ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் சிறுநீரகத்தை, கட்டியைக் கரைக்கிறேன் என்று கெடுத்துக்கொள்வதைப்போல வேதனை வேறில்லை.

பரம்பரையாக வரும் நீர்க்கட்டிகள்

இதுவரை சொன்ன ஆறுதல் எதுவும் பொருந்தாத ஒரு நோய் உண்டு. இரண்டு சிறுநீரகங்களிலும் கொத்துக்கொத்தாக நீர்க்கட்டிகள், பெற்றோரில் ஒருவருக்கோ உடன்பிறந்தவருக்கோ டயாலிசிஸ், சிறு வயதிலேயே ரத்த அழுத்தம். இப்படி இருந்தால் அது பாலிசிஸ்டிக் கிட்னி என்ற மரபணு நோயாக இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு பி.கே.டி.1 என்ற மரபணுவில் கோளாறு, மற்றவர்களில் பலருக்கு பி.கே.டி.2. முதலாவது 1994இலும் இரண்டாவது 1996இலும் கண்டறியப்பட்டன. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு, ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. பத்தில் ஒருவருக்காவது குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் வரும்.

இதில் கட்டிகள் நூற்றுக்கணக்கில் வளர்ந்து நல்ல திசுவை நசுக்கிக்கொண்டே போகும். சிறுநீரகம் இயல்பைவிடப் பல மடங்கு பெருத்துவிடும். இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு 60 வயது வாக்கில் சிறுநீரகம் செயலிழக்கிறது. கல்லீரலிலும் நீர்க்கட்டிகள் வரும். சிலருக்கு மூளை ரத்தக்குழாயில் புடைப்பு இருக்கும். குடும்பத்தில் யாராவது மூளை ரத்தக்கசிவில் இறந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

எத்தனை கட்டி இருந்தால் இந்த நோய் என்பதை வயதை வைத்துத்தான் சொல்வார்கள். குடும்பத்தில் நோய் உள்ள ஒருவருக்கு, 40 வயதுக்குள் இரண்டு சிறுநீரகத்திலும் சேர்த்து மூன்று கட்டிகள் தெரிந்தாலே போதும். 60 வயதைத் தாண்டியவர் என்றால் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் குறைந்தது நான்கு கட்டிகள் இருக்க வேண்டும். வயதால் வரும் சாதாரணக் கட்டிகளோடு குழம்பாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

இங்கே முதல் மருந்து ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது. அப்புறம் உப்பைக் குறைப்பது, வலி மாத்திரைகளைத் தவிர்ப்பது. வேகமாக முன்னேறும் சிலருக்கு டோல்வாப்டான் என்ற மாத்திரை உண்டு. ஜப்பானில் 2014இலும் அமெரிக்காவில் 2018இலும் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. நோயை நிறுத்தாது, வேகத்தைக் குறைக்கும். நாள் முழுக்க சிறுநீர் போய்க்கொண்டே இருக்கும், கல்லீரல் பரிசோதனையும் தவறாமல் செய்ய வேண்டும். அதனால் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. ஒற்றை நீர்க்கட்டிக்கு யூராலஜிஸ்டிடம் (சிறுநீர்ப் பாதை அறுவை சிகிச்சை மருத்துவர்) போனால் சரி, இந்த நோய்க்கு நெஃப்ராலஜிஸ்டின் (சிறுநீரக நோய் மருத்துவர்) தொடர்ந்த கவனிப்பு வேண்டும்.

பல ஆண்டுகள் டயாலிசிஸ் செய்பவர்களின் சுருங்கிய சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள் தோன்றும், அவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் கொஞ்சம் கூடுதல். குழந்தைக்கு நீர்க்கட்டி என்றால் அதை ‘வயதின் அடையாளம்’ என்று சொல்லிவிட முடியாது. ஒன்றே ஒன்று இருந்தாலும் குழந்தைகள் சிறுநீரக மருத்துவர் பார்க்க வேண்டும்.

பழைய ஸ்கேன்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு கட்டி புதிதா, பழையதா, மாறியிருக்கிறதா என்று சொல்ல அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, ஃபிலிமும் படங்கள் பதிந்த குறுந்தட்டும் வேண்டும்.

என் சித்தப்பாவிடம் வீட்டில் பழைய ஸ்கேன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். சிறுநீரகக் கல்லுக்காக ஏழு வருடத்துக்கு முன் எடுத்த சி.டி. ஃபிலிம் பீரோவின் அடித்தட்டில் கிடந்தது. அதைக் கதிரியக்க மருத்துவரிடம் காட்டினோம். அவர் வெளிச்சப் பலகையில் மாட்டி, இடது சிறுநீரகத்தின் அதே இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் காட்டினார். அந்த ரிப்போர்ட்டில் யாரும் எழுதாமல் விட்டிருந்த அதே நீர்க்கட்டி. அளந்து பார்த்தார், 31 மி.மீ. அதே மெல்லிய சுவர். “ஏழு வருஷமா உங்ககூடவே இருக்கு” என்று சொல்லிவிட்டு, பித்தப்பைப் படத்தை எடுத்து அடுத்ததாக மாட்டினார்.